வான சாஸ்திரி வைணு பாப்பு

சனிப் பெயர்ச்சி வந்துவிட்டால் நமது நாட்டுப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் பலன்கள் வெளிவருகின்றன. எந்த ராசிக்காரர் எந்தக் கோயிலில் எத்தனை விளக்கு ஏற்ற வேண்டும் என்பது வரையில் தமிழர் அறியாதது ஒன்றுமில்லை. ஆனால் சனிக்கும் அப்பால் சஞ்சரிக்கும் யுரேனஸ் என்னும் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்ற உண்மை வெளியான இரவில், தமிழ்நாட்டு மலைக் கிராமம் ஒன்றில் நம்மவர் விழித்திருந்து அதற்குரிய சாட்சியத்தைப் பதிவு செய்தனர் என்பதை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? அந்த மலையில் அந்தக் கருவி நிற்பதற்குக் காரண புருஷராயிருந்த டாக்டர் மணலி கல்லாட் வைணு பாப்பு 1982-ம் வருஷத்தில் காலமானார். நாற்பது வருஷங்களுக்கு மேல் கடந்துவிட்டன. அவருடைய சரித்திரத்தை இன்று நமது வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். தேச சேவை என்றால் மேடையும் சிறையும் மாத்திரமே என்று எண்ணியிருக்கும் நமது ஊழியர்கள் இதைச் சற்று நிதானமாகப் படிப்பது நலம்.

பாப்புவின் குடும்பம் வட மலையாளத்தைச் சேர்ந்தது. அவர் பிறந்தது சென்னைப் பட்டணத்தில், 1927-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி. தந்தையார் ஹைதராபாத் சமஸ்தானத்தில் நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகத்திலிருந்தார். ஆகையால் மற்றப் பிள்ளைகள் தெருவில் கோலி விளையாடும் வயதில் இந்தப் பிள்ளைக்கு டெலிஸ்கோப்பும் நக்ஷத்திரப் படங்களும் வீட்டுச் சாமான்கள்போல் பழகிப் போயின. வானத்தைப் பகுதி பகுதியாகப் போட்டோப் பிடித்து நக்ஷத்திரங்களுக்கெல்லாம் ஒரு ஜாப்தா தயாரிப்பதென்று உலகத்துப் பெரிய வான நிலையங்கள் கூடித் தீர்மானித்திருந்த காலம் அது. அந்தச் சர்வதேச வேலையில் நிஜாமியாவும் பங்கு கொண்டிருந்தது. பொறுமையும் துல்லியமும் இல்லாமல் அந்த வேலையில் ஓர் அடியும் நகராது. அந்தச் சூழ்நிலையில் வளர்ந்த பாப்பு, மாணவராயிருக்கும் போதே ஒளி கூடிக் குறையும் நக்ஷத்திரங்களைத் தாமே இரவுதோறும் கவனித்துக் குறிப்பெடுத்துக் கட்டுரைகள் எழுதினார். ஹைதராபாத்தில் கல்வி பயின்று, சென்னை ஸர்வகலாசாலையின் பௌதிகப் பட்டமும் பெற்றார்.

1948 செப்டம்பரில் இந்திய சேனை ஹைதராபாத்துக்குள் பிரவேசித்ததும் நிஜாமின் தனியாட்சி முடிவடைந்ததும் நமது வாசகர்கள் அறிந்ததே. இந்தக் குழப்பங்களுக்கிடையே அந்த ராஜ்யத்தின் உபகாரச் சம்பளம் ஒன்று பாப்புவுக்குக் கிடைத்தது. 1949-ம் வருஷத் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு ஸர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். போன சில மாதங்களுக்குள், அதாவது அவ்வருஷம் ஜூலை 2-ந் தேதி, வழக்கமாக எடுக்கும் போட்டோத் தகடு ஒன்றைப் பரிசோதித்துக் கொண்டிருக்கையில், அதில் இருக்கக்கூடாத ஒரு புகைச்சல் அவர் கண்ணில் பட்டது. அது ஒரு புதிய வால்நக்ஷத்திரம். அவருடைய ஆசிரியர் பார்ட் பாக், உடன் பயின்ற கார்டன் நியூகர்க் ஆகிய இருவர் பெயரும் சேர்ந்து அது பாப்பு-பாக்-நியூகர்க் வால்நக்ஷத்திரம் என்று உலகத்து ஏடுகளில் ஏறியது. இந்தியர் ஒருவர் பெயரைத் தாங்கிய வால்நக்ஷத்திரம் அதற்கு முன் இல்லை. இதற்காகப் பஸிபிக் வான சாஸ்திர சங்கத்தார் அவருக்கு டானஹோ பதக்கம் வழங்கினர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை.

1952-ல் டாக்டர் பட்டம் பெற்றபின், கார்னகி ஸ்தாபனத்தின் உதவித்தொகையில் அவர் கலிபோர்னியாவிலுள்ள மௌண்ட் வில்ஸன், பாலமர் நிலையங்களுக்குச் சென்றார். 200 அங்குலக் கண்ணாடி பொருத்திய டெலிஸ்கோப் பாலமர் மலையில்தான் இருந்தது. அக்காலத்தில் உலகிலேயே பெரியது அதுவே. அங்கே ஆலின் வில்ஸன் என்னும் விஞ்ஞானியுடன் சேர்ந்து அவர் கண்ட ஓர் உண்மை இன்றும் பாடப் புத்தகங்களில் வில்ஸன்-பாப்பு விளைவு என்ற பெயரில் நிற்கிறது. அது என்னவென்று சுருக்கமாகச் சொல்லுவோம். ஒரு நக்ஷத்திரம் மங்கலாகத் தெரிந்தால், அது இயற்கையிலேயே மங்கியதா அல்லது வெகு தூரத்திலிருப்பதால் மங்கலாகத் தெரிகிறதா என்று சொல்லுவது கடினம். தெருக்கோடியில் தெரியும் வெளிச்சம் அகல் விளக்கா, பெட்ரோமாக்ஸா என்று இரவில் தீர்மானிக்க முடியாதது போலத்தான். நக்ஷத்திர ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கிப் பார்க்கையில், கால்ஸியத்தினால் உண்டாகும் கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று சில நக்ஷத்திரங்களில் தோன்றும். அந்த ஒளிக்கோட்டின் அகலத்தை அளந்துவிட்டால் நக்ஷத்திரத்தின் உண்மையான ஒளிவலிமை இன்னதென்று சொல்லிவிடலாம் என்று இவ்விருவரும் காட்டினர். ஒளிவலிமை தெரிந்தால் தூரம் தெரியும். 1957-ல் இது முழுமையாகப் பிரசுரமாயிற்று.

இத்தகைய கீர்த்தியுடன் அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திராது. பெரிய கருவிகள் அங்கே, படித்தவர் கூட்டம் அங்கே, சம்பளமும் அங்கே. இந்தியாவிலோ அப்பொழுது நக்ஷத்திர ஆராய்ச்சிக்குத் தகுதியான பெரிய டெலிஸ்கோப் ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் 1953-ல் திரும்பி வந்தார்.

வந்தவரை ஐக்கிய மாகாணம் என்று முன்னர் வழங்கிய உத்தரப் பிரதேசம் வரவேற்றது. சிறைவாசம் அனுபவித்த தேச பக்தரும் பண்டிதருமான சம்பூர்ணானந்தருக்கு வான சாஸ்திரத்தில் இருந்த ஈடுபாட்டினால் அங்கே ராஜ்ய சர்க்காரே ஒரு வான ஆராய்ச்சி நிலையத்தைக் காசியில் தொடங்கியிருந்தது. 1954-ம் வருஷக் கடைசியில் பாப்பு அதன் பிரதம வான சாஸ்திரியானார். காசியின் புழுதியும் புகையும் இந்த வேலைக்கு உதவாதென்று கண்டு, நிலையம் ஹிமாலயச் சாரலிலுள்ள நைனிடாலுக்கு மாற்றப்பட்டது. இந்த நைனிடால் பின்னால் நமது கதையில் மறுபடி வரும்.

1960-ல் அவர் கோடைக்கானல் நிலையத்தின் தலைவராகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். கோடைக்கானலுக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வான நிலையம் கட்டினர். கப்பல்களுக்கு நேரமும், நில அளவைக்குத் தீர்க்க ரேகையும் தேவைப்பட்டதே அதற்கு முக்கிய காரணம். சாஸ்திரப் பற்று இரண்டாவதுதான். அங்கே துரைமார்களின் கீழ் உதவியாளராய் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளிமாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தும், கடைசி வரையில் உதவியாளராகவே இருந்து 1880-ல் மறைந்தார். 1899-ல் தலைமை ஸ்தானம் கோடைக்கானலுக்குப் போயிற்று. அங்கே முக்கிய வேலை சூரியனைப் பற்றியது. எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்துதான் கண்டார். நெடுங்காலம் வெள்ளையரே தலைவர். வேண்டிய கருவிகள் கப்பலில் வரும். பழுதானால் அவற்றுக்குரிய பாகங்களும் கப்பலில்தான் வரவேண்டும்.

பாப்பு செய்த முதற் காரியங்களில் ஒன்று, நிலையத்தின் தொழிற்கூடத்தைப் பலப்படுத்தியது. கண்ணாடி தேய்க்கவும், இரும்பு கடையவும், மின்சாரக் கருவி அமைக்கவும் நம்மவரையே பழக்கினார். அந்நியச் செலாவணிக்காக டில்லியில் மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலம் அது என்பதை வாசகர்கள் மறத்தலாகாது. அந்தத் தொழிற்கூடத்தில் 15 அங்குலம், அதாவது 38 ஸெண்டிமீட்டர் கண்ணாடி கொண்ட டெலிஸ்கோப் ஒன்று தயாராயிற்று. பெரிய கருவியென்று அதைச் சொல்லுவதற்கில்லை. ஆயினும் அதை முழுதும் செய்து முடித்த கைகள் பிற்காலத்தில் என்ன செய்தன என்பதை மேலே சொல்லுவோம்.

கோடைக்கானலில் சூரியனைப் பார்க்கலாம். நக்ஷத்திரங்களுக்கு மேகமும் மூடுபனியும் இடையூறு. ஆகையால் தென்னாட்டு மலைகளில் வேறிடம் தேடினார். வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில், சந்தன மரக் காட்டுக்கு நடுவே, சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் என்ற சிற்றூர் அகப்பட்டது. அப்பொழுது வடஆற்காடு ஜில்லா. இன்று திருப்பத்தூர் ஜில்லா. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய நிலையங்கள் வடக்கே வெகு தூரத்தில் இருப்பதால் அவற்றுக்குத் தெற்கு வானம் தெரியாது. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள காவலூருக்கோ வடக்கும் தெற்கும் ஏறக்குறைய முழுதும் தெரியும். கோடைக்கானலில் செய்த 38 ஸெண்டிமீட்டர்க் கருவி 1968-ல் அங்கே வேலை தொடங்கியது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் ஸைஸ் தொழிற்சாலையிலிருந்து ஒரு மீட்டர்க் கண்ணாடி கொண்ட டெலிஸ்கோப் வந்து சேர்ந்தது. நைனிடாலுக்கும் அதே ஜாதிக் கருவி ஒன்று அதே வருஷத்தில் கிடைத்தது.

காவலூர் உலகத்தில் தலைசிறந்த இடமென்று நாம் சொல்ல வரவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவ மழைகளும் அங்கே வேலையைக் கெடுக்கின்றன. அதைவிட உயரமும் வறட்சியும் உள்ள லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், பிற்காலத்தில் வேறொரு டெலிஸ்கோப் வைக்க வேண்டி வந்தது உண்மை. ஆனால் 1960-களில் சாலையும் மின்சாரமும் ஆட்களும் கிடைக்கக்கூடிய தூரத்தில் ஓரிடம் தேடியவர் அவர். உத்தமமான இடத்துக்காகக் காத்திருந்தால் அந்தத் தலைமுறைக்கு ஒரு கருவியும் கிடைத்திராது. மேலும், இவ்வித ஆராய்ச்சியில் எந்த மலை உயர்ந்தது என்பதைவிட, குறித்த வேளையில் குறித்த இடத்தில் கருவி இருந்ததா என்பதே பெரிது. காரணத்தைக் கூறுவோம்.

சந்திரன் சூரியனை மறைப்பதைக் கிரகணம் என்கிறோம். அதுபோலவே கிரகமொன்று வானத்தில் செல்லுகையில் அதற்குப் பின்னாலுள்ள ஒரு நக்ஷத்திரத்தைச் சிறிது நேரம் மறைத்துவிடும். இதை நக்ஷத்திர மறைப்பு என்பர். நக்ஷத்திரம் அளவிட முடியாத தூரத்திலிருப்பதால், அந்தக் கிரகத்தின் நிழல் ஏறக்குறைய கிரகத்தின் அகலத்துடனேயே பூமியின் மேல் விழுந்து, வினாடிக்குச் சில மைல் வேகத்தில் ஓடிவிடும். நிழலுக்குள் நிற்பவனுக்கு நக்ஷத்திரம் அணைந்து மறுபடி எரியும். வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. யுரேனஸ் பூமியைப்போல் நான்கு மடங்கு அகலமுள்ளது. ஆகையால் அதன் நிழல் விழுந்தால் கண்டங்களையே மூடும். ஆனால் முப்பது மைல் அகலமுள்ள ஒரு சிறு கோளின் நிழல், புதுக்கோட்டைச் சீமையிலுள்ள ஆவூரில் விழுந்தால் மதுரையில் விழாது. அணைவதற்கும் எரிவதற்கும் இடையே எத்தனை வினாடி என்று கணக்கிட்டால் கோளின் அகலம் கிடைக்கும். சட்டென்று அணைந்தால் அங்கே காற்றில்லை. விளக்கின் திரியை இறக்கினாற்போல் மெல்ல மங்கினால் காற்றுண்டு. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள ஒன்றைப் பூமியிலிருந்தபடியே அளப்பதற்கு இதைவிட நுட்பமான உபாயம் வேறில்லை. ஒரேயொரு கஷ்டம், நிழல் யாருக்காகவும் காத்திராது. வருகிற இடத்துக்கு வரும். அங்கே கருவி இல்லையென்றால் அது வந்தது யாருக்கும் தெரியாது. கடல் நடுவிலும் பாலைவனத்திலும் விழுந்து வீணாகும் நிழல்களே மிகுதி.

ஒரு மீட்டர்க் கருவி காவலூரில் நிலைநிறுத்தப்பட்டவுடனேயே அத்தகைய நிழலொன்று வந்தது. 1972 ஜூன் 7-ந் தேதி வியாழனின் பெரிய உபகிரகமான கானிமீட் ஒரு நக்ஷத்திரத்தை மறைத்தது. ஜாவாத் தீவிலுள்ள லெம்பாங்கிலிருந்தும் காவலூரிலிருந்தும் அதை அளந்தனர். காவலூரில் அளந்தவர் பாப்புவின் சகாவான ஜே. ஸி. பட்டாசார்யா. நக்ஷத்திரம் மங்கிய விதத்திலிருந்து கானிமீடுக்கு மெல்லிய காற்றுப் போர்வை உண்டென்று 1973-ல் அந்தக் குழுவினர் முடிவு கூறினர். 1979-ல் வாயேஜர் விமானம் அருகே சென்று பார்த்தபோது, அவர்கள் கூறிய அளவுக்குக் காற்று அங்கே இல்லையென்று தெரிந்தது. சாஸ்திரத்தில் இது சகஜம். கானிமீடின் அகலத்தைப் பற்றி அந்த மறைப்பிலிருந்து போட்ட கணக்கோ பெரும்பாலும் நிலைத்து நின்றது. புதிதாக வந்த கருவி, பழகியும் பழகாததுமான ஆட்கள்; அப்படியிருந்தும் உலக ஆராய்ச்சி ஒன்றில் காவலூர் சரிசமானமாகக் கலந்துகொண்டது.

நிற்க. யுரேனஸ் விஷயத்துக்கு வருவோம். அதை ஹெர்ஷல் 1781 மார்ச்சு 13-ந் தேதி கண்டுபிடித்தார். சூரியனிலிருந்து சுமார் 290 கோடி கிலோமீட்டர் தூரத்திலுள்ள அந்தக் கிரகத்தைப் பற்றி இருநூறு வருஷமாகியும் தெரிந்தது சொற்பமே. 1977 மார்ச்சு 10-ந் தேதி அது துலா ராசியில் ஒரு மங்கலான நக்ஷத்திரத்தின் முன்னால் செல்லும் என்று இங்கிலாந்தில் கார்டன் டெய்லர் என்பவர் கணித்திருந்தார். அந்த நக்ஷத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை; ஜாப்தாவில் ஒரு நம்பர் மாத்திரம். நிழல் இந்து மகாசமுத்திரத்தை ஒட்டி விழும் என்று எதிர்பார்த்தனர். அமெரிக்கர் ஆகாய விமானத்திலேயே டெலிஸ்கோப்பை வைத்துக்கொண்டு தெற்குச் சமுத்திரத்தின் மேல் பறந்தனர். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலும், ஆப்பிரிக்காவின் தென்முனையிலும், இந்தியாவில் காவலூர், நைனிடால் இரண்டிலும் ஆட்கள் தயாராயினர். பாப்பு உருவாக்கிய இரண்டு நிலையங்களும் அந்த ஒரே இரவில் ஒரே நக்ஷத்திரத்தை நோக்கியிருந்தன என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

காவலூரில் ஒரு மீட்டர்க் கருவியில் அமர்ந்தவர்கள் பட்டாசார்யாவும் குப்புசாமியும். இங்கிருந்து பார்க்கையில் கிரகம் நக்ஷத்திரத்தை மறைக்குமா, மறைக்காமல் ஒட்டிக்கொண்டு போய்விடுமா என்பதே நிச்சயமில்லை. வடக்கு எல்லையிலுள்ள ஊருக்கு இந்த அபாயம் எப்பொழுதும் உண்டு. அத்துடன், யுரேனஸின் ஒளி அந்த நக்ஷத்திரத்தின் ஒளியைப்போல் பல மடங்கு. பெட்ரோமாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்த மெழுகுவர்த்தி அணைகிறதா என்று பார்ப்பதற்குச் சமானம். நள்ளிரவு கடந்தது. மறைப்பு நிகழவேண்டிய நேரத்துக்கு வெகு முன்னதாகவே அவர்கள் ஒளியைப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தனர். அந்த முன்ஜாக்கிரதைதான் காரியத்தைச் சாதித்தது. கிரகம் இன்னும் கிட்டவே வராதிருக்கையில், சில வினாடி நேரம் நக்ஷத்திரத்தின் ஒளி சரிந்து, பிறகு பழையபடி ஆயிற்று. கடைசியில், அஞ்சியபடியே, காவலூருக்குக் கிரகத்தின் நிழல் விழவில்லை. கிரகத்துக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கிரகம் கிட்டவில்லை. எதிர்பாராத ஒன்று கிட்டியது.

அது என்ன? யுரேனஸைச் சுற்றிவரும், இதுவரை யாரும் அறியாத உபகிரகமாக இருக்கலாம் என்று பட்டாசார்யாவும் குப்புசாமியும் கருதினர். லண்டன் நேச்சர் பத்திரிகையில் அவ்வாறே எழுதினர். ஒரே ஒரு சரிவைக் கண்டவர்கள் வேறெவ்விதம் கருத இயலும்? ஆனால் விமானத்திலிருந்தோர் கிரகத்துக்கு முன்பும் பின்பும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வரிசையில் பல சரிவுகளைக் கண்டிருந்தனர். பெர்த்திலும் பல சரிவுகள் கிடைத்திருந்தன. உபகிரகங்கள் அப்படி இருபுறமும் ஜோடி ஜோடியாக நில்லா. எல்லாருடைய நேரக் குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில், கிரகத்தைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருக்கின்றன என்பது உறுதியாயிற்று. காவலூர் கண்டது அவற்றில் வெளிப்புறத்திலுள்ள பெரிய வளையத்தின் நிழல். பின்னர் காவலூரின் பதிவுச் சுருளைப் பாப்புவும் பட்டாசார்யாவும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, சனிக்கு இருப்பதைப்போன்ற வளைய மண்டலம் யுரேனஸுக்கும் உண்டென்று அதே வருஷக் கடைசியில் நேச்சரில் எழுதினர். கலிலியோ காலம் முதல் சனிக்கு மாத்திரமே வளையமென்று உலகம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை அன்றிரவோடு ஒழிந்தது.

கண்டுபிடித்த பெருமை முழுதும் நம்முடையதென்று கூறுவது உண்மைக்குப் பொருந்தாது. விமானத்தில் பறந்த எலியட் முதலானோர் முதலில் வளையமென்று அறிவித்தனர். அந்தக் கௌரவம் அவர்களுக்குரியது. ஆனால் அவ்விரவில் உலகத்தில் நிழல் விழுந்த இடங்களில் பதிவு செய்தவர் சிலரே. அந்தச் சிலருள் நம்மவர் இருந்தனர். அந்த வளையத்தின் நிழல் சில வினாடி முன்பின்னாக ஆவூரின் மேலும்தான் ஓடிற்று. திருச்சியின் மேலும் தஞ்சையின் மேலும் ஓடிற்று. அங்கெல்லாம் அதை அறிந்தவர் இல்லை. பதினைந்து வருஷங்களுக்கு முன் வந்திருந்தால் காவலூரிலும் அறிந்தவர் இருந்திருக்க மாட்டார்கள். சந்தன மரங்களின் மேல் விழுந்து போயிருக்கும்.

இதற்கிடையே பாப்பு ஸ்தாபனத்துக்கும் உருக் கொடுத்துவிட்டார். சர்க்கார் இலாகாவின் கிளையாக இருந்த கோடைக்கானல் நிலையம், 1971 ஏப்ரல் முதல் தன்னுரிமையுள்ள இந்திய வான் பௌதிக ஸ்தாபனமாயிற்று. பிறகு அதன் தலைமை ஸ்தலம் பெங்களூருக்கு மாறியது. மழை அளக்கும் இலாகாவுடன் ஒரே கட்டில் நக்ஷத்திர ஆராய்ச்சியையும் முடிந்து வைத்திருந்த ஏற்பாடு அதனுடன் ஒழிந்தது. குமாஸ்தாக் குறிப்பும் மேல்குறிப்புமாக ஒவ்வொரு திருகாணிக்கும் மாதக்கணக்கில் காகிதம் ஓடிய காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த மாறுதலின் அருமை விளங்கும். 1979-ல் சர்வதேச வான சாஸ்திர சம்மேளனத்தின் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். அந்த ஸ்தானத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1981-ல் இந்திய சர்க்கார் பத்ம பூஷண் விருது அளித்தது.

அவருடைய மனமெல்லாம் அப்பொழுது வேறொரு காரியத்தில் லயித்திருந்தது. 2.34 மீட்டர், அதாவது 92 அங்குலக் கண்ணாடி கொண்ட டெலிஸ்கோப் ஒன்றை இந்தியாவிலேயே திட்டமிட்டு இந்தியாவிலேயே செய்வதென்று அவர் தீர்மானித்திருந்தார். வெளிநாட்டில் விலைக்கு வாங்கிவிடலாமே என்று கேட்டவர்களுக்கு, கோடைக்கானலில் 15 அங்குலக் கண்ணாடி தேய்த்த கைகளே விடை. அச்சுக் கண்ணாடிக் கட்டி மாத்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை ஸ்தாபனத்தின் தொழிற்கூடத்தில் நம்மவர் தேய்த்து மெருகேற்றினர். பல டன் எடையுள்ள இரும்புக் கட்டுமானத்தை மகாராஷ்டிரத்திலுள்ள வால்சந்த் நகர்த் தொழிற்சாலை செய்தது. சர்க்கரை ஆலை யந்திரங்கள் செய்து பெயர்பெற்ற ஆலை அது. மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் கண்ணாடி மெருகேற வேண்டும். அவசரப்பட்டால் வருஷக்கணக்கான வேலை பாழ். ஆகையால் வேலை மெதுவாகவே நடந்தது.

அது முடியுமுன் அவர் முடிந்துவிட்டார். 1982 ஆகஸ்டில் கிரீஸ் தேசத்துப் பத்ராஸ் நகரில் சம்மேளனத்தின் மகாசபை கூடியது. தலைவராகிய பாப்பு அங்கே வீற்றிருக்க வேண்டும். ஆனால் அவரோ இருதய சிகிச்சைக்காக ஜெர்மனியில் மியூனிக் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகாசபை நடந்து கொண்டிருக்கும் போதே, ஆகஸ்டு 19-ந் தேதி, அங்கே உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து பூர்த்தியாகி ஒன்பது நாள்.

அவருக்குப்பின் ஸ்தாபனத் தலைமையை ஏற்ற பட்டாசார்யா அந்தப் பெரிய டெலிஸ்கோப்பை முடித்தார். 1985 நவம்பரில் அதில் முதன்முறையாக நக்ஷத்திர ஒளி விழுந்தது. சம்மேளனத்தின் அடுத்த மகாசபை அதே மாதத்தில் டில்லியில் கூடிற்று. 1986 ஜனவரி 6-ந் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, நிலையத்துக்கும் டெலிஸ்கோப்புக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதற்குப் பதினெட்டு நாள் கழித்து, ஜனவரி 24-ந் தேதி, வாயேஜர் விமானம் யுரேனஸின் அருகே சென்று அந்த வளையங்களைப் படம் பிடித்து அனுப்பியது.

நைனிடாலில் அவர் வளர்த்த நிலையம் இன்று ஆர்யபட்டரின் பெயரைத் தாங்கி, அருகே தேவஸ்தல் என்னுமிடத்தில் 3.6 மீட்டர் டெலிஸ்கோப்புடன் விளங்குகிறது. 2020 ஜூன் 6-ந் தேதி புளூட்டோ ஒரு நக்ஷத்திரத்தை மறைத்தபோது, தேவஸ்தலிலிருந்து அதை அளந்தனர். புளூட்டோவின் காற்றழுத்தம் பூமியில் கடல் மட்டத்திலுள்ளதில் எண்பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவென்று அதிலிருந்து தெரியவந்தது. பாப்பு காவலூரில் கையாளத் தொடங்கிய வித்தையே இது.

இந்த வித்தைக்கு எப்பொழுதும் பெரிய கருவி வேண்டுமென்பதில்லை என்பதை நமது ராஜ்ய சர்க்காருக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம். சிறு கோள்களின் நிழல்கள் தமிழ்நாட்டின் மேலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எந்த இரவு, எந்த வேளை, எந்த ஊர்களின் மேல் என்பதை வான சாஸ்திரிகள் முன்கூட்டியே கணித்து வெளியிடுகின்றனர். ஐரோப்பியரின் கையா விண்கலம் நக்ஷத்திரங்களின் இடத்தைத் துல்லியமாக அளந்த பிறகு இந்தக் கணிப்பு வெகுவாகத் திருந்தியிருக்கிறது. நக்ஷத்திரம் போதிய ஒளியுள்ளதாயின் எட்டு அங்குல டெலிஸ்கோப்பும், ஒரு காமிராவும், சரியான நேரமும் போதும். நேரம் செயற்கைச் சந்திரன்களிலிருந்து கைக்கு வந்துவிடுகிறது. பத்து மைலுக்கு ஒருவராகப் பலர் நின்று அளந்தால் கோளின் வடிவமே கிடைத்துவிடும். ஒரு பெரிய நிலையம் தனித்து நின்று இதைச் செய்ய இயலாது. ஆவூர், கீரனூர், விராலிமலை என்று ஊருக்கு ஊர் ஆட்கள் வேண்டும். பட்டணத்து விளக்குகளின் வெளிச்சம் இன்னும் முழுதும் எட்டாத புதுக்கோட்டைச் சீமை இதற்கு மிகப் பொருத்தம். தாலூகாவுக்கு இரண்டு உயர்தரப் பாடசாலைகளுக்கு இத்தகைய கருவி ஒன்றும், அதை இயக்கப் பழகிய ஆசிரியர் ஒருவரும் கொடுத்து, காவலூர் நிலையத்தாரிடம் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும்படி கல்வி மந்திரியைக் கேட்டுக்கொள்கிறோம்.